பெண்ணுக்கு ஐந்து படி

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அப்பா கைநாட்டு. அம்மாவுக்கு அதுவும் தேவைப்பட்டதில்லை. அவளிடம் யாரும் எதற்கும் கையெழுத்துக் கேட்டதில்லை. முதலில் போனவள் நான்தான். ஆறாம் பாரம், அதாவது பதினோராம் வகுப்பு வரைக்கும் போனேன். இதைச் சொல்லும்போது என்னைப் போன்ற பெண் கொஞ்சம் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். நான் குனிவதில்லை. ஆனால் அந்த ஆறாம் பாரத்தில் ஒரே ஒரு கணக்கு என் தலையைக் குனிய வைத்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

நயா பைசா வந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்த சமயம். உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளிக்குத் தினமும் நாலு மைல் நடந்து போய், நாலு மைல் நடந்து வருவேன். அப்பா எங்கள் ஊர்ப் பெரிய நிலக்காரர் ஒருவரிடம் வருடக் கூலிக்கு இருந்தார். அவரைச் சேரியில் எல்லோரும் ஆண்டை என்றுதான் சொல்வோம். அவருடைய மாட்டுத் தொழுவத்தில் சாணி வாரி, தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த கிழவி ஐப்பசி மழையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆண்டை அப்பாவைக் கூப்பிட்டு, "உன் பொண்ண அனுப்புடா" என்றார்.

ஆண்டையிடம் முடியாது என்று சொல்லும் பழக்கம் அப்பாவுக்குக் கிடையாது. அன்றைக்கும் அவர் அப்படிச் சொல்லவில்லை. "பள்ளிக்கூடத்துல பரிட்சை ஒண்ணு கீதுங்க ஆண்டே. அதுல தவறிட்டா அனுப்பிடறேங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

"என்னக் கேக்காமலா சொன்ன நைனா?" என்றேன்.

"ஆண்டை என்னையே கேக்கல. நான் உன்ன எங்க கேக்கறது?"

"தவறலைன்னா?"

"தவறலைன்னா நீ பாட்டுக்குப் படி. வாக்கு குடுத்துட்டேன். ரெண்டு பக்கமும் குடுத்துட்டேன்."

அந்தப் பரீட்சையைச் செலக்‌ஷன் என்போம். பொங்கல் கழிந்து நடக்கும். அதில் ஒவ்வொரு பாடத்திலும் முப்பத்தைந்து வாங்கியவர்களைத்தான் அரசாங்கப் பரீட்சைக்கு அனுப்புவார்கள். தமிழில் எனக்குப் பயமில்லை. சரித்திரத்தில் இல்லை. இங்கிலீஷைக்கூட மனப்பாடம் செய்து கரையேறிவிடுவேன். கணக்கில்தான் பயம். கணக்கு என்றால் கணக்கு சார்.

அவர் பெண்களை அடிக்க மாட்டார். அதைவிட மோசமாக ஒன்று செய்வார். போர்டில் நாம் போட்ட கணக்கு தவறாக இருந்தால் தவறு என்று சொல்ல மாட்டார். டஸ்டரை எடுத்து, மேலிருந்து கீழ் வரைக்கும் நிதானமாக அழிப்பார். எங்கே தவறு என்று பார்த்துக்கொள்ள ஒரு வரிகூட மிச்சம் இருக்காது. பிறகு, "அடுத்தது" என்பார். நாம் அடுத்த ஆள் வரும்வரைக்கும் அந்த வெற்றுப் போர்டுக்குப் பக்கத்தில், முப்பது பையன்களைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பெண்கள் பெஞ்சில் வருட ஆரம்பத்தில் இரண்டு பேர் இருந்தோம். கார்த்திகையில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த நீளமான பெஞ்சில் நான் மட்டும்.

இவ்வளவு பயத்திலும் எனக்குப் பிடித்த ஒன்று இருந்தது. ஒருங்கமை சமன்பாடுகள். தெரியாதது இரண்டு இருக்கும். ஒன்றை எக்ஸ் என்றும் இன்னொன்றை ஒய் என்றும் வைத்துக்கொண்டு, கணக்கில் சொன்னதை இரண்டு வரியாக எழுத வேண்டும். கணக்கு சார் அதை நடத்திய நாள் நன்றாக நினைவிருக்கிறது.

"ரெண்டு பேர் சேர்ந்து கத்தினா ஒண்ணும் காதுல விழாது. ஒருத்தன் வாயை மூடணும். எக்ஸை மூடணுமா? ரெண்டு வரியிலயும் எக்ஸை ஒரே எண்ணிக்கைக்குக் கொண்டு வா. மேலே கீழே பெருக்கு. அப்புறம் ஒண்ணுலேருந்து ஒண்ணைக் கழி. எக்ஸ் ஓடிப்போயிடும். ஒய் தனியா மாட்டிக்கும். மாட்டினவனை வச்சு ஓடினவனைப் பிடி."

நீக்கல் முறை என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அதை நான் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். கழிக்கும்போது குறி மாறிப்போகிற இடத்தில் மட்டும் தடுமாறுவேன். அதற்குத்தான் கடைசியில் சரிபார்ப்பது. கிடைத்த விடையை முதல் வரியில் போட்டுப் பார், இரண்டாவது வரியில் போட்டுப் பார், இரண்டும் ஒத்து வந்தால் உலகத்தில் யாரும் உன்னை அசைக்க முடியாது என்று கணக்கு சார் சொல்வார். அதை நான் நம்பினேன்.

அந்தப் பொங்கல் விடுமுறையில் அம்மாவோடு ஆண்டை வயலுக்கு அறுப்புக்குப் போனேன். பரீட்சைக்கு எட்டு நாள்தான் இருந்தது. ஆனாலும் அறுப்பு நாளில் வீட்டில் ஒரு ஆளைச் சும்மா உட்கார வைக்க முடியாது. சாயங்காலம் களத்தில் கூலி அளந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம் வரிசை, பெண்கள் ஒரு பக்கம் வரிசை. ஆண்களுக்கு மூன்று படி. பெண்களுக்கு அதில் பாதி. அதிலும் ஆண்களுக்குப் படியில் நெல்லைக் குவித்து அளப்பார்கள். பெண்களுக்கு அளக்கும்போது கோலால் படியின் தலையை வழித்துவிடுவார்கள். நான் முறத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். அளந்தவர் என் முறத்தில் கொட்டிவிட்டு, "படிக்கிற பொண்ணு, கணக்கு சரியா கீதா பாரு" என்றார். வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். வழித்த கோலிலிருந்து விழுந்த நெல் திரும்ப ஆண்டையின் குவியலுக்கே போயிற்று.

கணக்குப் பரீட்சையன்று காலையில் எனக்கு வாந்தி வந்தது. அம்மா கேழ்வரகுக் கூழை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஏரிக்கரை நெடுக வாய்க்குள் சூத்திரங்களைச் சொல்லிக்கொண்டே போனேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பாதி சூத்திரம் மறந்திருந்தது.

கேள்வித்தாள் கையில் வந்ததும் முதலில் தெரிந்த கணக்குகளைத் தேடினேன். இரண்டு கணக்கை அடியோடு விட வேண்டியிருந்தது. வடிவியலில் ஒன்று பாதியில் நின்றது. விரல் விட்டு எண்ணிப் பார்த்ததில், எனக்கு நிச்சயமாக வரக்கூடியது முப்பது, முப்பத்திரண்டு. மீதி அந்த ஏழாவது கணக்கில் இருந்தது. ஆறு மார்க்கு. அதை இன்றைக்கும் ஒரு எழுத்து விடாமல் சொல்வேன்:

மூன்று ஆண்களுக்கும் இரண்டு பெண்களுக்கும் ஒரு நாள் கூலி மொத்தம் 19 படி நெல். அதே விகிதத்தில் இரண்டு ஆண்களுக்கும் ஐந்து பெண்களுக்கும் ஒரு நாள் கூலி மொத்தம் 31 படி நெல். ஆண் ஒருவருக்கும் பெண் ஒருவருக்கும் ஒரு நாள் கூலி எவ்வளவு?

ஒருங்கமை சமன்பாடு! பயம் கொஞ்சம் இறங்கியது. ஆணின் கூலி எக்ஸ், பெண்ணின் கூலி ஒய் என்று எழுதினேன். மூன்று எக்ஸும் இரண்டு ஒய்யும் பத்தொன்பது. இரண்டு எக்ஸும் ஐந்து ஒய்யும் முப்பத்தொன்று. முதல் வரியை இரண்டால் பெருக்கினேன்: ஆறு எக்ஸும் நாலு ஒய்யும் முப்பத்தெட்டு. இரண்டாவது வரியை மூன்றால் பெருக்கினேன்: ஆறு எக்ஸும் பதினைந்து ஒய்யும் தொண்ணூற்று மூன்று. இப்போது இரண்டிலும் ஆறு எக்ஸ். கழித்தேன். எக்ஸ் போய்விட்டது. பதினோரு ஒய் ஐம்பத்தைந்து. ஒய் ஐந்து. அதை முதல் வரியில் போட்டால் பத்தொன்பதில் பத்துப் போக ஒன்பது, மூன்று எக்ஸ் ஒன்பது, எக்ஸ் மூன்று.

சரிபார்த்தேன். மும்மூன்று ஒன்பது, ஈரைந்து பத்து, ஆக பத்தொன்பது. இருமூன்று ஆறு, ஐயைந்து இருபத்தைந்து, ஆக முப்பத்தொன்று. இரண்டும் ஒத்து வந்தன. பேனாவை மையில் தோய்த்து விடையை எழுதினேன். ஆண் ஒருவருக்கு 3 படி. பெண் ஒருவருக்கு 5 படி.

எழுதிய பிறகுதான் அதைப் படித்தேன்.

பெண்ணுக்கு ஐந்தா? ஆணுக்கு மூன்றா? முறத்தோடு நின்ற வரிசை கண்ணுக்கு முன்னால் வந்தது. எட்டு நாளைக்கு முன்னால்தான் அந்தக் கூலியை என் கையாலேயே வாங்கியிருந்தேன். எந்தக் களத்திலும் எந்தக் காலத்திலும் இப்படி அளந்ததில்லை. எங்கோ தவறு செய்திருக்கிறேன். கழித்தலில்தான் இருக்க வேண்டும். ஓரத்தில் மறுபடியும் கழித்தேன். அதே ஐந்து. இந்த முறை எக்ஸுக்குப் பதிலாக ஒய்யை நீக்கிப் பார்த்தேன். அதே மூன்று.

அப்படியானால் தவறு கழித்தலில் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். எக்ஸையும் ஒய்யையும் ஆரம்பத்திலேயே மாற்றி வைத்திருப்பேன். புத்தகம் போட்டவர்களுக்கும் கேள்வி கேட்ட சாருக்கும் தெரியாதா, ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று? இந்த விடையைப் பார்த்துக் கணக்கு சார் வகுப்பில் படித்துக் காட்டினால்? எனக்கு மூன்று வரிசை முன்னால் ஆண்டையின் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். நான் அவனோடு பேசியதே இல்லை. ஆனால் அவன் வகுப்பில் கேட்டதை வீட்டில் சொன்னால், நாளைக் காலையில் அப்பா ஆண்டை முன்னால் நிற்க வேண்டும்.

மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. விடை எழுதிய இரண்டு வரியின் மேல் கோடு இழுத்தேன். அதற்குக் கீழே, ஆண் ஒருவருக்கு 5 படி, பெண் ஒருவருக்கு 3 படி என்று எழுதினேன். அதைச் சரிபார்க்கவில்லை. சரிபார்த்தால் தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போகும்போது ஏரிக்கரையில் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் போட்டுப் பார்த்தேன். மூன்று ஆண்களுக்கு ஐந்து ஐந்தாகப் பதினைந்து. இரண்டு பெண்களுக்கு மும்மூன்றாக ஆறு. இருபத்தொன்று. பத்தொன்பது இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மாள், "இன்னாம்மா, முள்ளு குத்திடுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அடுத்த பத்து நாள் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அம்மா கேட்டாள், "எப்டி எழுதின?"

"எழுதிக் கீறேன்."

"எழுதினது தெரியுது. எப்டி?"

"பாக்கலாம்மா."

அந்தப் 'பாக்கலாம்' அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. மறுநாள் அடுக்குப் பானைக்கு அடியிலிருந்து ஒரு பழைய புடவையை எடுத்து, கிழிந்த பக்கத்தை வெட்டிவிட்டு, என் உயரத்துக்கு ஓரம் தைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "சாணி வார்றதுக்கு நல்ல துணி எதுக்கு?" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். தைத்து முடித்து, மடித்து, கூரைச் செருகலில் வைத்தாள். வீட்டுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது என் கண்ணில் பட்டது.

இதற்கு நடுவில் ஆண்டை வீட்டு ஆள் ஒருவர் சேரிக்கு வந்து, வாசலில் நின்றபடி அப்பாவிடம், "இன்னாபா, பொண்ணுக்குப் பரிட்சை முடிஞ்சிடுச்சாமே? தொழுவம் நாறிக்கினு கீது" என்றார். அப்பா, "பேப்பரு இன்னும் தரலீங்க" என்றார். நான் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

பேப்பர் தந்த நாள் வந்தது. கணக்கு சார் மார்க்கைச் சத்தமாகப் படித்துப் படித்துத் தாளைக் கொடுத்தார். என் முறை வந்தபோது, "முப்பத்திரண்டு" என்றார். அந்த நொடியில் எனக்கு வகுப்பு தெரியவில்லை. செருகலில் இருந்த அந்தப் புடவைதான் தெரிந்தது. தாளை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்து ஏழாவது கணக்கைத் திருப்பினேன். பக்கம் முழுக்க ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் பூஜ்யம்.

"லிஸ்ட்டு நாளைக்கு மத்தியானம் ஹெட்மாஸ்டர் கிட்ட போகும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் மூன்று மார்க்கைப் பற்றி மட்டும் யோசித்தேன். கோடு இழுத்தது விடையின் மேல்தான். வழியின் மேல் நான் கோடு இழுக்கவில்லை. இதைச் சொல்ல வேண்டும். யாரிடம்? அவரிடம். சாயங்காலம் மணி அடித்த பிறகு ஆசிரியர்கள் அறை வாசலில் போய் நின்றேன். உள்ளே அவர் தனியாக உட்கார்ந்து நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு அடி வைத்தேன். பிறகு, தொழுவத்துக்குப் போவதென்றாலும் கேட்டுவிட்டுப் போவோம் என்று திரும்பினேன்.

"சார்."

நிமிர்ந்தார். "என்ன?"

"ஏழாவது கணக்கு சார்."

"தப்பு."

"விடைதான் சார் தப்பு. வழி சரி."

"வழி சரின்னா விடை எங்கே தொலைஞ்சுது? கொண்டா."

தாளைக் கொடுத்தேன். அவர் விரலை வரி வரியாக வைத்துக்கொண்டு வந்தார். விரல் சரிபார்த்த இடத்தில் வந்து நின்றது.

"பத்தொன்பது வந்திருக்கு. முப்பத்தொண்ணு வந்திருக்கு. அப்புறம் எதுக்கு அடிச்சே?"

நான் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாயைத் தொற. யாருதையாவது பார்த்து எழுதிட்டு, பிடிபடுவோம்னு மாத்தினியா?"

இந்தப் பேச்சை என்னால் தாங்க முடியவில்லை. "என் பெஞ்சில நான் ஒருத்திதான் சார். யாருதைப் பாக்கறது?"

"அப்போ சொல்லு."

"பொம்பளைக்கு அஞ்சு படி யாரு சார் குடுக்கறாங்க? ஆம்பளைக்கே மூணு படிதான். பொம்பளைக்கு அதுல பாதி, அதுவும் தலைய வழிச்சிட்டு. நானே வாங்கினேன் சார், பொங்கலுக்கு. அதான் நான் தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சி..."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து கேள்வித்தாளை எடுத்தார். புதிதாகப் பார்ப்பதுபோல அந்தக் கணக்கைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பசு மாடு, எருமை மாடு கணக்கு" என்றார். "மூணு பசுவும் ரெண்டு எருமையும் பத்தொன்பது படி பால் கறக்கும். அப்படித்தான் புஸ்தகத்துல இருக்கு. கடையில விக்கிற நோட்ஸ்ல விடையோட போட்டிருக்கான். மனப்பாடம் பண்ணிக்கினு வந்து கக்கிடுவானுங்கன்னு, மாட்டை எடுத்துட்டு ஆளைப் போட்டேன். எண்ணை மாத்தல."

"எருமைக்குப் பதிலா பொம்பளையா சார்?"

இதைக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இப்போது டஸ்டரை எடுத்து என்னையே அழித்துவிடுவார் என்று தோன்றியது.

"எண்ணைத்தான் பார்த்தேன்" என்றார் மெதுவாக. "பாக்கி முப்பது பேரும் எண்ணைத்தான் பார்த்திருக்கானுங்க. வந்த விடையை எழுதிட்டுப் போயிட்டானுங்க. ஒருத்தனுக்கும் உறுத்தல."

மார்க்கு போடுவார் என்று காத்து நின்றேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

"அடிச்ச விடைக்கு எப்படி மார்க்கு போட்டேன்னு ஹெட்மாஸ்டர் கேட்பார். நாளைக்குக் காலைல கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் இந்தக் கணக்கை போர்டுல போடு. விடையைச் சத்தமா சொல்லு. அடிக்கக் கூடாது. வழிக்கு நாலு மார்க்கு தரேன்."

எனக்கு வேண்டியது மூன்று. அவர் நாலு தருகிறேன் என்கிறார். ஆனால் எல்லார் முன்னாடியும் என்றால் ஆண்டையின் மகன் முன்னாடியும்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனை. சொல்லாவிட்டால் தொழுவம். சொன்னால் அப்பா.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். சாக்குக்கட்டி முதல் எழுத்திலேயே உடைந்தது. பின்பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் போர்டை மட்டும் பார்த்தேன். மூன்று எக்ஸ், இரண்டு ஒய். இரண்டு எக்ஸ், ஐந்து ஒய். பெருக்கினேன். கழித்தேன். எக்ஸ் போனது. ஒய் ஐந்து என்று எழுதும்போது சாக்கு கிறீச்சிட்டது. பிறகு எக்ஸ் மூன்று.

"சொல்லு" என்றார்.

"ஆண் ஒருவருக்கு மூன்று படி."

"அப்புறம்?"

ஆண்டையின் மகன் மோவாயில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெண் ஒருவருக்கு..."

"கேக்கல."

"பெண் ஒருவருக்கு ஐந்து படி."

எல்லோரும் எழுதிய அதே விடைதான். ஒரு பெண் வாயால் சொன்னபோதுதான் அது அவர்கள் காதில் விழுந்தது போலிருக்கிறது. கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "டேய், நாளைலருந்து பொடவ கட்டிக்கினு அறுப்புக்குப் போலாம்டா!" வகுப்பே வெடித்தது. "எங்க களத்து பக்கம் வந்துடாதம்மா தாயே, வெதை நெல்லும் மிஞ்சாது!" என்றான் இன்னொருவன்.

"சரிபாரு" என்றார் கணக்கு சார் என்னிடம்.

எழுதினேன். ஒன்பதும் பத்தும் பத்தொன்பது. ஆறும் இருபத்தைந்தும் முப்பத்தொன்று. எழுத எழுதச் சிரிப்பு தேய்ந்தது. அவர் வகுப்பைப் பார்த்து, "சரியா?" என்று கேட்டார். "சரியாடா?" என்றார் மறுபடியும். "சரி சார்" என்றார்கள். ஆண்டையின் மகனும் சொன்னான். வாய் அசைந்ததைப் பார்த்தேன்.

அன்றைக்கு அவர் போர்டை அழிக்கவில்லை. என் தாளில் பூஜ்யத்தை அடித்து நாலு என்று போட்டு, மேலே முப்பத்தாறு என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். ஒரு வார்த்தை பாராட்டவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

தேர்வாகிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு நடந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆண்டையின் மகன் சைக்கிளில் என்னைத் தாண்டிப் போனான். அவன் எனக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்வான். அவன் சொல்வது எனக்கு முன்னால் சேரும்.

அம்மாவிடம் பாஸ் என்று மட்டும் சொன்னேன். "நெஜமாவா?" என்று என் முகத்தைப் பிடித்துப் பார்த்தவள், "அப்ப ஏன்டி பேயறஞ்ச மாதிரி கீற?" என்றாள். பொழுது சாயும் நேரத்தில் அப்பா ஆண்டை வீட்டிலிருந்து வந்தார். வந்தவர், ஆண்டை முன்னால் இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்க்கவே மறந்துபோய் அப்படியே சுவரோரம் உட்கார்ந்தார்.

"பொம்பளைங்களுக்கு அஞ்சு படி குடுக்கணும்னு உன் பொண்ணு பள்ளிக்கூடத்துல எழுதிச்சாமேன்னு ஆண்டை கேட்டாரு."

அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவது நின்றது.

"நீ இன்னா சொன்ன நைனா?"

"நான் இன்னா சொல்றது? என் பொண்ணு சொல்லலீங்க ஆண்டே, கணக்கு சொல்லிச்சிங்கன்னேன்."

"அதுக்கு?"

"மாட்டப் பாத்துக்கினே கெடந்தாரு. அப்பால, பாஸான்னாரு. பாஸுங்கன்னேன். சரி, தொழுவத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்னுட்டாரு." அப்பா நிறுத்தினார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "நாளைக்குக் களத்துக்கு வரும்போது உன் பொண்டாட்டிய வாய மூடிக்கினு வரச் சொல்லுன்னாரு" என்றார்.

"நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கப்போறேன்?" என்றாள் அம்மா. அவள் குரலில் இருந்த பயத்தை நான் முன்னால் கேட்டதில்லை. "யாருகிட்டயும் இத சொல்லிக்கினு திரியாத" என்று என்னை அதட்டினாள். "வெளிய எவ காதுலயும் வுழக் கூடாது."

அப்பா மாட்டுக்கயிறு வாங்கக் கடைப்பக்கம் போனார். அவர் போன பிறகு அம்மா மறுபடியும் அடுப்பை ஊதினாள். அடுப்பில் சோறு கொதித்தது. திடீரென்று குரலைத் தாழ்த்தி, "நெஜமாவே அஞ்சு வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சும்மா."

"தப்பா போட்டிருப்ப."

"மூணு வாட்டி போட்டேன். அதான் வருது."

"அப்டியா?" என்றாள். வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. எழுந்து போய்ச் செருகலிலிருந்து அந்தத் தைத்த புடவையை இழுத்தாள். ஓரத் தையலைப் பல்லால் கடித்து, நடுவில் பிடித்துக் கிழித்தாள். ஒரு பாதியை என்னிடம் எறிந்தாள். "தொடச்சிக்கோ. கையெல்லாம் சாக்குப் பொடி." இன்னொரு பாதியை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, கொதிக்கும் பானையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.